ஓடும்போதே நின்றுபோகும் பழைய ஆம்னி: பெட்ரோலா, கரண்டா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய நைனா 1999-இல் வாங்கிய மாருதி ஆம்னி, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. காலையில் ஒரே சாவியில் கிளம்பிவிடுகிறது. மத்தியானத்தில் கே.வி.குப்பம், லத்தேரி தாண்டி காட்பாடி வரும்போது, நெரிசலில் ஊர்ந்து போய் ரயில்வே மேம்பாலத்தில் ஏறுகிற இடத்தில், எஞ்சின் அணைந்துவிடுகிறது. இருபது நிமிஷம் ஓரம்கட்டி வைத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடியும் ஓடுகிறது. இதுவரை பிளக் மூன்றும் புதிது, கார்புரேட்டர் இரண்டு முறை சர்வீஸ், பெட்ரோல் பம்ப்பும் மாற்றியாயிற்று. காசு போனதுதான் மிச்சம், வண்டி நிற்பது மட்டும் நிற்கவில்லை. "வேற என்னண்ணே மாத்தணும்?" என்பது கேள்வி.

இப்போதைக்கு ஒன்றும் மாற்றாதீர்கள் தம்பி. மாற்றிய மூன்றும் தப்பான சாமான் என்று சொல்லவில்லை. ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று யாரும் பார்க்கவே இல்லை. வண்டி நின்றுபோகிற அந்த இருபது நிமிஷம்தான் உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி. ஆறிவிட்டால் சாட்சி கலைந்துபோகும். ஆறின வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டால் அவரும் பாவம், என்ன செய்வார்? ஊகத்தில் ஒன்றைக் கழற்றி மாட்டுவார். வண்டி நின்ற உடனே, சூடாக இருக்கும்போதே, வராதது பெட்ரோலா, அதைப் பற்றவைக்கிற பொறிக்கான கரண்டா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால், எப்படி நின்றது என்பதை யோசித்துப் பாருங்கள். சாவியைத் திருப்பி அணைத்தது போல் பட்டென்று நின்றதா? அப்படியென்றால் பெரும்பாலும் கரண்ட் சமாச்சாரம். நாலைந்து முறை உதறி, ஆக்ஸிலேட்டர் மிதித்தாலும் இழுக்காமல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அணைந்ததா? அது பெட்ரோல் வராத அறிகுறி. ஓடும்போது நன்றாக ஓடி, காலை எடுத்தால் மட்டும் அணைகிறது, லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் அணையவில்லை என்றால் அது மூன்றாவது கதை, ஐடிலிங் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடுவது) கோளாறு. அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் வண்டி மேடு ஏறும்போது, ஆக்ஸிலேட்டர் மிதியில் இருக்கும்போதே நிற்பதால் அந்த மூன்றாவதை இப்போதைக்கு ஒதுக்கிவிடலாம்.

சரி, வண்டி நின்றுவிட்டது. ஓரம்கட்டுங்கள். நான்கு பக்க இண்டிகேட்டரையும் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள், மேம்பாலம் சரிவு. ஒன்றை நினைவில் வையுங்கள்: பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் அணைந்தபின் ஒன்றிரண்டு மிதிதான் பிரேக் மென்மையாக இருக்கும், அப்புறம் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் போய்விட்டது என்று பதறாமல், முழு பலத்தோடு மிதித்தால் பிடிக்கும்.

இப்போது முன் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் எஞ்சின் மூடியைக் கழற்றுங்கள். முதலில் கரண்டைப் பாருங்கள், பெட்ரோல் அப்புறம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றிச் சிந்திவிட்டு அதன் பக்கத்தில் பொறி பறக்கவிட்டால் வண்டியே மிஞ்சாது. கையோடு ஒரு பழைய நல்ல பிளக் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு பிளக் ஒயரைக் கழற்றி அந்தப் பிளக்கில் மாட்டி, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினின் இரும்பில் நன்றாகப் படும்படி வையுங்கள். சும்மா அந்தரத்தில் பிடிக்கக்கூடாது. உங்களுக்கும் ஷாக், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எலெக்ட்ரானிக் மாடல் என்றால் அதற்கும் ஆகாது. இன்னொருவரை சாவி போடச் சொல்லுங்கள். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று கூர்மையாகப் பொறி வந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, நூல் மாதிரி சோம்பலாக வந்தால், அல்லது வரவே இல்லை என்றால், திருடன் அந்தப் பக்கம்தான்.

கரண்ட் சரியாக இருந்தால், சாவியை ஆஃப் செய்துவிட்டு, பிளக் ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, கார்புரேட்டரின் மேலுள்ள ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கிற லீவரைக் கையால் ஒரு தடவை சுண்டுங்கள். உள்ளே மெல்லிசாக ஒரு தாரை பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வராமல் காய்ந்து கிடந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இதற்கு மீட்டர் வேண்டாம், ஸ்கேனர் வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். பீடி, சிகரெட் பிடிக்கிறவர் யாராவது எட்டிப்பார்க்க வந்தால் மட்டும் தூர நிற்கச் சொல்லுங்கள்.

பெட்ரோல்தான் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கார்புரேட்டரில் கை வைப்பார்கள். நீங்கள் நேராகப் பெட்ரோல் டேங்க் மூடியிடம் போங்கள். இது நான் அடிபட்டுக் கற்றது. ஆம்பூரில் சமையல் வேலை எடுத்துச் செய்கிற ஒருவர், அண்டாவும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் வாணியம்பாடி பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். ஃபில்டர் மாற்றினேன். கார்புரேட்டர் கிட் போட்டேன். பம்ப்பும் மாற்றினேன். மூன்று முறையும் காசு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது தடவை நானே கூடப் போனேன். நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. உடனே சாவி போட்டேன், கிளம்பிவிட்டது. பழைய மூடியை ஏதோ ஒரு பங்க்கில் மறந்துவிட்டு, பூட்டு வைத்த மலிவு மூடி ஒன்றை வாங்கி மாட்டியிருக்கிறார். அதில் காற்றுப்போக வழி இல்லை. பெட்ரோல் வெளியே போகப் போக டேங்க்குக்குள் காற்று நுழைய வேண்டும். நுழையாவிட்டால் பம்ப் எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வராது. சோடா பாட்டிலைக் கவிழ்த்து வாயில் வைத்து விடாமல் உறிஞ்சிப் பாருங்கள், புரியும். அவரிடம் பம்ப் காசைத் திருப்பிக் கொடுத்தேன், கிட் காசைக் கொடுக்கவில்லை. அது உண்மையிலேயே தேய்ந்திருந்தது.

மூடி சரி என்றால் அடுத்தது ஃபில்டர். ஹோஸ் நடுவில் இருக்கும் சின்ன டப்பா. விலை அற்பம், ஆனால் இப்போது அதற்கு வேலை கூடியிருக்கிறது. பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். 1999-இல் செய்த வண்டியின் ரப்பர், கேஸ்கெட் எதுவும் இதை மனதில் வைத்துச் செய்ததல்ல. எத்தனால் பழைய டேங்க்கில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த கசடைக் கிளப்பி ஃபில்டருக்கு அனுப்புகிறது. ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஊறி, மேலே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் உரிந்து, வால்வு மாதிரி அடைத்துக்கொள்வதும் உண்டு. ஹோஸை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தாலோ, மடக்கினால் வெடிப்பு தெரிந்தாலோ, டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுக்க மாற்றிவிடுங்கள். எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் டியூபை வெட்டிப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம், எஞ்சின் உட்கார்ந்திருப்பது உங்கள் சீட்டுக்கு அடியில்.

அந்த சீட்டுக்கு அடி என்பதுதான் ஆம்னியின் பெரிய பலவீனம். 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின், சின்னதுதான். ஆனால் முன்பக்கம் திறந்த பானெட் கிடையாது, சூடு வெளியேற இடம் கொஞ்சம். கத்திரி வெயிலில் நம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர். நெரிசலில் ஊர்ந்து வரும்போது காற்றோட்டமும் இல்லை. பெட்ரோலின் லேசான பாகங்கள் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். பம்ப்புக்குள்ளோ ஹோஸுக்குள்ளோ அது ஆவியானால், பம்ப் திரவத்தைத் தள்ளுவதற்குப் பதில் ஆவியை அழுத்தி அழுத்தி விடுகிறது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம். நின்றபின் உடனே கிளம்பாததற்கும் இதுவே காரணம்: ரேடியேட்டர் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் எஞ்சின் மேல்சூடு முதல் சில நிமிஷம் இன்னும் ஏறும்.

உங்கள் விஷயம் இதுதானா என்று தெரிந்துகொள்ள பழைய அம்பாசிடர் டிரைவர்களின் வழி இருக்கிறது. அவர்கள் மலை ஏறும்போது பம்ப்பில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போவார்கள். வண்டி நின்றதும் பம்ப், அதையொட்டிய ஹோஸ் ஆகியவற்றின் மேல் மட்டும் ஈரத்துணி போடுங்கள். சைலன்சர் பக்கத்து இரும்பின் மேலோ, டிஸ்ட்ரிபியூட்டர் மேலோ தண்ணீர் படக்கூடாது. இருபது நிமிஷத்துக்குப் பதில் மூன்று நிமிஷத்தில் கிளம்பினால் ஏர் லாக்தான். அதற்கு மருந்து ஈரத்துணி அல்ல. சூடான பகுதியைத் தொட்டுக்கொண்டு போகிற ஹோஸைத் தள்ளிக் கட்டுவது, டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் அடியில் இருக்க வேண்டிய, சூட்டைத் தடுக்கும் தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு முறை கார்புரேட்டர் சர்வீஸ் ஆன வண்டியில் அந்த இன்சுலேட்டருக்குப் பதில் மெல்லிய காகித கேஸ்கெட் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பம்ப்பை மாற்றியிருக்கிறீர்கள் என்பதால் இதை முதலில் பாருங்கள்.

ஆயில் டிப்ஸ்டிக்கையும் ஒரு தடவை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்தால் பம்ப்புக்குள் இருக்கும் சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்து பெட்ரோல் ஆயிலில் இறங்குகிறது. அந்த நிலையில் ஓட்டக்கூடாது, ஆயிலையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இனி கரண்ட் பக்கம். பொறி இல்லாமல்தான் நின்றது என்றால், சூட்டில் சாகிற சாமான் மூன்று: பேட்டரி கரண்டைப் பொறிக்கு ஏற்ற உயர் வோல்ட்டாக்கும் காயில், பாயின்ட் முனை கருகாமல் காக்கும் கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் பாகம். காயிலுக்குப் போகும் கரண்டை விட்டுவிட்டுக் கொடுக்கும் சுவிட்ச் வேலைக்குப் பழைய வண்டிகளில் பாயின்ட்டும் கண்டன்சரும், பிந்தைய வண்டிகளில் எலெக்ட்ரானிக் பிக்கப். உங்களுடையது எது என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். பாயின்ட் இருந்து, அதன் முனை கருத்து நீலம் பாரித்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது. பாயின்ட்டைத் தேய்த்து மாட்டினால் ஒரு வாரம் ஓடும், திரும்ப வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றி, இடைவெளியை 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். காயிலுக்குள் இருப்பது மெல்லிய கம்பிச்சுற்று. சூட்டில் விரிந்தால் அறுந்த இடம் பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கடையில் ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் 'நல்லா இருக்கே' என்பார்கள். நின்ற இடத்திலேயே, சாவி ஆஃபில், மீட்டர் வைத்துப் பாருங்கள். முதல் சுற்று சில ஓம், இரண்டாவது சுற்று பல ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாமல் திறந்து நின்றால் காயில் மாற்ற வேண்டியதுதான். மீட்டர் இல்லையா, காயிலின் உடம்பில் மட்டும் ஈரத்துணியைச் சுற்றுங்கள், முனைகளில் படாமல். ஆனால் பம்ப்பையும் காயிலையும் ஒரே சமயத்தில் குளிரவைக்காதீர்கள். வண்டி கிளம்பிவிடும், எதனால் கிளம்பியது என்பது தெரியாமலே போகும். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று.

இன்னொரு சுலபமான தந்திரம். ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை எடுத்து, ஒரு முனையை காயிலின் பிளஸ்ஸிலும் மறு முனையை எர்த்தாக எஞ்சின் இரும்பிலும் கொடுத்து, பல்பை டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டு ஓட்டுங்கள். வண்டி நிற்கும் கணத்தில் பல்பும் அணைந்தால் காயில் நிரபராதி. சாவி சுவிட்ச், ஃபியூஸ், ஒயர் கனெக்டர், பேட்டரி டெர்மினல், எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை, இவற்றில் ஒன்று. சாவி சுவிட்ச் என்றதும் சிரிக்காதீர்கள். வீட்டுச் சாவி, கடைச் சாவி, பீரோ சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து 25 வருஷம் தொங்கவிட்டால் உள்ளே தேய்ந்துதான் போகும். பள்ளத்தில் இறங்கும்போது பட்டென்று நின்று, அடுத்த நொடியே கிளம்புகிற வண்டிகளில் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். பல்ப் எரிந்துகொண்டே இருந்து எஞ்சின் மட்டும் அணைந்தால் காயில், கண்டன்சர், பிக்கப், இந்த மூன்றுக்குள் தேடுங்கள்.

பெட்ரோலும் வருகிறது, பொறியும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சூட்டில் நிற்கிறது என்றால்? டெம்பரேச்சர் முள் எங்கே நிற்கிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். ஃபேன் ஓடவில்லை என்றால் அதன் ஃபியூஸ், ரிலே, சூட்டு சுவிட்ச். அதோடு, டேப்பட் அளவு (வால்வுக்கு விடும் சிறு இடைவெளி) இறுக்கமாக வைத்திருந்தால் சூட்டில் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் இறங்கிப்போகும். டேப்பட் சத்தம் கேட்கக் கூடாது என்று வாடிக்கையாளர் கேட்க, மெக்கானிக் அதை இறுக்கிக் கொடுக்க, இப்படி ஆன வண்டிகள் நிறைய. கொஞ்சம் டிக்டிக் சத்தம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காலை எடுத்தால் மட்டும் அணைகிற வண்டிக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கார்புரேட்டரில் ஒயர் போகிற ஒரு சின்ன சோலனாய்டு (கரண்டில் திறக்கும் வால்வு) இருக்கும். சாவியை ஆன் செய்ததும் 'டக்' என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போகாது. அது சரி என்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் துளையில் அடைப்பு, இல்லையேல் கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டிலோ வேக்குவம் ஹோஸிலோ காற்று கசிவு. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய டியூனிங்கில் கலவை மெலிந்துபோகிறது. கார்புரேட்டர் தானாகச் சரிசெய்துகொள்ளாது. ஏர் ஸ்குரூவைச் சற்றுத் திருத்தி, ஐடிலிங்கை நிமிஷத்துக்கு 900 சுற்று சுமாரில் வைத்தால் பல வண்டிகள் அடங்கிவிடும். இன்ஜெக்ஷன் மாடல் ஆம்னி என்றால் கார்புரேட்டர் பேச்சே இல்லை: த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும் கரி பிடித்திருக்கும், அல்லது சூட்டில் சென்சார் ஒன்று கண்ணை மூடும், அல்லது பெட்ரோல் பம்ப் ரிலே. ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள். கேஸ் வண்டியில் முதலில் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். பெட்ரோலில் நிற்காமல் கேஸில் மட்டும் நின்றால் ரெகுலேட்டர், ஃபில்டர் சமாச்சாரம். கேஸ் வேலையை அதற்கு அனுமதி பெற்ற இடத்தில்தான் கொடுக்க வேண்டும், வீட்டு வாசலில் வேண்டாம்.

உங்கள் வண்டிக்கு என் ஊகத்தைக் கேட்டால், நெரிசல், மத்தியானம், மேடு, இருபது நிமிஷம் என்று நீங்கள் சொன்னதை வைத்து ஏர் லாக்குக்கு முதல் இடம் கொடுப்பேன், காயிலுக்கு இரண்டாவது. ஆனால் இது ஊகம். அடுத்த முறை மத்தியானத்தில் கிளம்பும்போது ஒரு பழைய பிளக், கட்டிங் பிளேயர், இரண்டு துணி, ஒரு பாட்டில் தண்ணீர், கூட ஒரு ஆள். மேம்பாலத்தில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். லத்தேரி தாண்டி நிழலும் ஓரமும் உள்ள இடத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பதினைந்து நிமிஷம் ஓடவிடுங்கள். வண்டி தானாக நின்றால், மேலே சொன்ன வரிசையில் பொறி, அப்புறம் தாரை. அங்கே நிற்காவிட்டால் இரண்டாவது கியரில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்பதைத் தேதி, நேரத்தோடு ஒரு காகிதத்தில் எழுதி உங்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வண்டியையும் காலையில் விடாமல், மத்தியானம் ஓட்டிக்கொண்டு போய், சூடாகவே கொடுங்கள்.